மூன்றாவது ‘பின்னே’

பெருங்கடவிளைச் சந்தைக்கு எதிரே, கோழிக்கடைக்கும் தையல்கடைக்கும் நடுவில், இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் ரோட்டில் நிற்க வேண்டிய அளவுக்கு ஒரு கடை இருந்தது. போன் பழுது பார்க்கும் அக்காவின் கடை. அங்கே போனைச் சரிசெய்யப் போகிறவர்கள் பாவமன்னிப்பும் வாங்கிக்கொண்டு திரும்புகிறார்கள் என்று சாயாக்கடையில் சொல்லி நான் எல்லோரையும் சிரிக்க வைப்பேன். அப்போது என் போன் நன்றாக இருந்தது. அடுத்தவன் போன் கெட்டுக் கிடக்கும்போது எனக்கு நகைச்சுவை தாராளமாக வரும்.

கண்ணாடி உடைந்தது, சார்ஜ் ஏறாதது மாதிரியான சில்லறை நோய்களை அக்கா பேசாமல் பார்த்துக் கொடுத்துவிடுவார். பூட்டிய எண் மறந்து திறக்காத போன், உயிர் வராமல் உறைந்துபோன போன் என்றால் வைத்தியம் வேறு. உள்ளே இருப்பதையெல்லாம் துடைத்தெடுத்து, கம்பெனியில் பிறந்த அன்று இருந்தது போல ஆக்க வேண்டும். ஃபேக்டரி ரீசெட். அதற்கு முன்னால் அக்காவுக்கு ஒரு முறை இருந்தது. ஒரு மஞ்சள் துவர்த்தை, தலை துவட்டும் துண்டை, விரித்து அதன்மேல் போனை வைப்பார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றுவார். கேட்பார்:

“இதுக்குள்ள என்னதெல்லாம் உண்டு?”

“போட்டோ.”

“பின்னே?”

“ஆளுகளுக்க நம்பரு.”

“பின்னே?”

முதல் ‘பின்னே’ மளிகைக்கடைக்காரர் கேட்பது போல இருக்கும். இரண்டாவது, ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்பது போல. மூன்றாவதற்குக் குரலே உயராது. புருவம் மட்டும் லேசாக ஏறும். பிறகு காத்திருப்பார். எந்த அவசரமும் இல்லாத, மழை விடுவதற்குக் காத்திருப்பது போன்ற காத்திருப்பு. அதைத் தாங்கிக்கொண்டு நின்றவர்கள் எங்கள் பக்கத்தில் யாரும் இல்லை. கடை அத்தனை சிறியது என்பதால் ரகசியம் சொல்லத் தனி இடமும் இல்லை. வரிசையில் நிற்பவர்கள் எல்லோரும் சாட்சி.

எதற்கு இந்த விசாரணை என்று ஒருமுறை கேட்டேன்.

“அழிஞ்ச பெறவு வந்து, ஐயோ அது உண்டாயிருந்தே, இது உண்டாயிருந்தேன்னு எனக்க முன்னே நின்னு கரையப்பிடாது தம்பி. கண்ணீரு உள்ளவங்க முன்கூட்டியே விட்டுக்கணும்.”

ஆரியங்கோட்டுப் பக்கம் ஒரு சபையின் உபதேசியார் ஒரு சனிக்கிழமை மாலை ஓடிவந்தார். போன் செத்துவிட்டது, மறுநாள் செய்ய வேண்டிய பிரசங்கம் அதற்குள் இருக்கிறது. “பின்னே?” என்றார் அக்கா. சபை மக்களின் எண்கள், ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளின் படங்கள். “பின்னே?” உபதேசியார் கோழிக்கடைக் கூண்டைப் பார்த்தார். தையல்காரரைப் பார்த்தார். கடைசியில் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “அந்தப் பிரசங்கம் எனக்கது இல்ல. வேற ஒரு சபையில ஒரு பாதிரி ஐயரு செய்தது. வாட்சாப்பில வந்ததாக்கும்.”

“சாரமில்ல, கர்த்தருக்கு முன்னமே தெரியும். இப்ப எனக்கும் தெரியும். அமுக்குங்க” என்றார் அக்கா.

மறுநாள் உபதேசியார் கையில் எதுவும் இல்லாமல் மேடை ஏறி, வழக்கமான ஒரு மணி நேரத்துக்குப் பதிலாகக் கால் மணி நேரம் சொந்தமாகப் பேசிவிட்டு இறங்கினார். ஆராதனை முடிந்ததும், அக்காவுக்கு ஒரு சேலை எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று சபையில் பேச்சு அடிபட்டதாகக் கேள்வி.

இன்னொரு நாள் ஒருவன் விலைகூடிய போனோடு வந்து, எண் மறந்துபோச்சு, அழிச்சுத் தரணும் என்றான். “என்னதெல்லாம் உண்டு?” போட்டோ என்றான். “ஆருக்க போட்டோ?” வீட்டாளுகளுக்க என்றான். “பின்னே?”  “இது எனக்க சொந்தப் போனாக்கும்!” என்று சத்தம் போட்டான். “பின்னே?” என்றார் அக்கா, அதே குரலில். அவன் போனை அங்கேயே போட்டுவிட்டு, பஸ் பிடிக்கப் போகிறவன் போல நடந்து, திருப்பத்தில் ஓடினான். இரண்டு நாள் கழித்து உடைமைக்காரி வந்தாள், திருப்புறத்திலிருந்து மீன் கொண்டுவரும் ஒரு பெண். அவளிடமும் அதே கேள்விதான். அவள் முதல் ‘பின்னே’க்கே சொல்லத் தொடங்கி, மகளுடைய பேறுகாலம், மருமகனுடைய குணம், கொழுந்தியாளின் வாய் என்று அரை மணி நேரம் நிறுத்தவில்லை. வெளியே வைத்திருந்த மீன் கூடையைப் பூனைகள் முடித்துவிட்டன.

அக்காவிடம் மேலும் இரண்டு பழக்கங்கள் உண்டு. கடைசிப் பொத்தானை அவர் அமுக்க மாட்டார், உடைமைக்காரர்தான் அமுக்க வேண்டும். அமுக்கியதும் அக்கா திரையைப் பார்க்க மாட்டார். ரோட்டுப் பக்கம் திரும்பிப் பால் இல்லாத கட்டன் சாயா குடிப்பார். ஏன் என்று கேட்டதற்கு, “ஒருத்தருக்க வீடு இடியிறத நின்னு பாக்கப்பிடாது” என்றார். இதையும் நான் சாயாக்கடையில் நடித்துக் காட்டினேன். நல்ல சிரிப்புக் கிடைத்தது.

பிறகு என் வீடு இடிந்தது.

எங்கள் வீடு அண்ணனுடைய விளைக்கு, அந்தத் தோட்டத்துக்குப் பின்னால் இருக்கிறது. அண்ணன் மண்ணை மிதிக்காமல் எங்களுக்கு ரோட்டுக்கு வரமுடியாது. காகிதத்தில் வழி கிடையாது, வாய்ச்சொல்தான். ஒரு பழைய கார் வாங்க ஆசைப்பட்டு, வழியைப் பற்றி அண்ணனிடம் போனில் கேட்டேன். அவர் வாட்சாப்பில் குரலாகவே பதில் அனுப்பினார். அடுத்த வாரம் அண்ணன் பக்கவாதம் வந்து கிணற்றடியில் விழுந்தார். சட்டைப்பையில் இருந்த போன் கிணற்றுக்குள் போனது. பேச்சும் வலது கையும் அவரைவிட்டுப் போயின. ஏதாவது கேட்டால் தலையாட்டுவார். சாயா வேணுமா என்றாலும் ஆட்டுவார், வேண்டாமா என்றாலும் ஆட்டுவார்.

அண்ணன் மகன் மதில் கட்டக் கல் இறக்கினான். வழியெல்லாம் கிடையாது என்றான். நான் குதித்தேன். மூன்று மாதம் பேச்சு வார்த்தை இல்லை. கடைசியில் வார்டு மெம்பர் ஞாயிற்றுக்கிழமை தன் வீட்டில் பேசித் தீர்த்துவைக்கிறேன் என்றார்.

நான் சாயாக்கடையில் மார்தட்டினேன்: “அண்ணனுக்க சத்தம் எனக்க கையில உண்டு. ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் கேக்கலாம்.”

இதற்கு அண்ணன் மகன் ஊரெல்லாம் சொன்ன பதில்: “சித்தப்பா அப்பாவ மாதிரி பேசுவாரு. கல்யாண வீட்டில எத்தன தடவ பேசிச் சிரிக்க வச்சிருக்காரு. அவரே பேசிப் பதிஞ்சு வச்சிருப்பாரு.”

இதில் அநியாயம் என்னவென்றால், அவன் சொன்னதில் பாதி உண்மை. ஊரில் எல்லோருடைய குரலிலும் நான் பேசுவேன். அண்ணன் குரல் என் சிறந்த உருப்படி.

சாயாக்கடையில் ஒருவன் இன்னும் எண்ணெய் ஊற்றினான். “போன அவன் தட்டிக்கொண்டு போய் அழிச்சிட்டா என்ன செய்வீரு? உம்ம பூட்டு நம்பரு ஊருக்கே தெரியுமே.” தெரியும்தான். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஊருக்குச் சொன்னவனும் நானே.  உடனே கடைக்குப் பின்னால் போய், வாழையடியில் மறைந்து நின்று எண்ணை மாற்றினேன். உலகத்தில் யாராலும் கண்டுபிடிக்க முடியாத எண். வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது அந்த ‘யாராலும்’ என்பதில் நானும் அடக்கம் என்று தெரிந்தது.

என் பிறந்த நாளைப் போட்டேன். வீட்டு எண்ணைப் போட்டேன். மனைவியின் பிறந்த நாளைப் போட நினைத்தபோது அது எனக்குத் தெரியாது என்பது நினைவுக்கு வந்தது. அவளிடமே கேட்டேன். அது வேறு ஒரு சண்டை. முப்பது விநாடி பொறு என்றது போன், பிறகு ஐந்து நிமிடம், பிறகு அரை மணி நேரம். பொறுமை இருந்திருந்தால் நான் நானாக இருந்திருக்க மாட்டேன். மனைவியின் போனில் ஒரு வீடியோவைப் பார்த்து, என் போனின் எல்லாப் பொத்தான்களையும் மாறி மாறி அமுக்கினேன். திரை கறுத்தது. கம்பெனியின் அடையாளம் வந்தது, போனது, வந்தது, போனது. அதற்குமேல் ஒன்றும் இல்லை. உள்ளே அண்ணன் வாயைத் திறந்து மூடுவது போலவே எனக்கு இருந்தது.

“கேட்டியளா, வாய்க்குப் போட வேண்டிய பூட்ட போனுக்குப் போட்டா இப்படித்தான்” என்றாள் மனைவி.

புதன்கிழமை அக்காவின் கடையில் நின்றேன். அவர் கம்பியைக் கோர்த்து, கம்ப்யூட்டரில் மாட்டி, இரண்டு நாள் வைத்துப் பார்த்தார். வெள்ளிக்கிழமை துவர்த்தை விரித்தார். 

“உள்ளதெல்லாம் உள்ள தான் இருக்கு தம்பி. ஆனா எடுக்கப் பற்றாது, என்ன செய்தாலும் முடியாது. அழிச்சா போனாவது மிஞ்சும்.”

“அழிங்க அக்கா” என்றேன், பெரிய வீரன் போல.

“மெயிலு யாரு உண்டாக்கித் தந்தது? அழிச்ச பெறவு பழைய மெயிலும் பாஸ்வேர்டும் கேக்கும். இல்லெங்கி வாசல்லயே நிக்க வேண்டியதுதான்.”

நான் கோழிக்கடைக் கூண்டைப் பார்த்தேன். நாங்கள் நன்றாக இருந்த காலத்தில், போன் வாங்கிய அன்று, மெயில் போட்டுக் கொடுத்தவன் அண்ணன் மகன். பாஸ்வேர்டும் அவன் வைத்ததுதான்.

“போய்க் கூட்டிட்டு வாங்க.”

“அவன் எனக்க விரோதி அக்கா.”

“விரோதிக்கு பாஸ்வேர்டு மறந்துபோகுமா?”

வேறு வழியைத் தேடித் தேடிப் பார்த்தேன். வேறு வழி இருந்திருந்தால் வழிப் பிரச்சினையே வந்திருக்காதே. அண்ணன் விளையில் அவன் கயிறு பிடித்து மதிலுக்கு அளந்துகொண்டிருந்தான். பேச்சு இல்லை அல்லவா, அதனால் எங்கள் வழியில் வேரோடிக் கிடந்த முற்றத்துப் பிலாமரத்திடம் சொன்னேன்: “எனக்க மெயிலுக்க பாஸ்வேர்டு ஆருக்கெங்கிலும் மறக்காம ஓர்ம உண்டுமெங்கி, பெருங்கடவிளை வரை ஒண்ணு வந்தா கொள்ளாம்.”

அவனும் பிலாமரத்திடமே பதில் சொன்னான். “ஓர்ம உண்டு. வாறேன்.”

கடையில் அவன் என் பின்னால் நின்றான். அக்கா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

“இதுக்குள்ள என்னதெல்லாம் உண்டு?”

“ஆட்டுக்குட்டிக்க போட்டோ அக்கா. பின்னே மவ துபாயில இருந்து அனுப்பினது.”

“பின்னே?”

“ஊரில உள்ள சிரிப்பெல்லாம். நானூறு ஐந்நூறு உண்டு.”

வரிசையில் யாரோ சிரித்தார்கள். எனக்குத் தெம்பு வந்தது. அடுத்த நகைச்சுவைக்கு வாயைத் திறந்தேன். அக்காவின் புருவம் ஏறியது.

“அண்ணனுக்க சத்தம்” என்றேன்.

“என்ன சொல்லுது?”

“எலே, வழி உனக்கு உண்டு. அத நான் அடைக்க மாட்டேன். எனக்க மவனும் அடைக்கப்பிடாது.”

சொன்னது நான்தான். ஆனால் குரல் அண்ணனுடையது. வேண்டுமென்று செய்யவில்லை, அந்தச் சொற்களை வேறு குரலில் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பின்னால் அண்ணன் மகன் மூச்சு விடுவது கேட்டது.

அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவுதான் என்றேன். அவர் நகரவில்லை. அவ்வளவுதான் அக்கா என்று மறுபடியும் சொன்னேன்.

“பின்னே?”

நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அந்தக் குரலை எங்கே நிறுத்த வேண்டும் என்று கண்ணாடி முன்னால் நின்று பத்துத் தடவையாவது பழகியிருந்தேன். ‘அடைக்கப்பிடாது’ என்ற சொல் முடிந்ததும் கட்டைவிரல் இறங்க வேண்டும். அரை விநாடி தாமதித்தாலும் அண்ணன் மேற்கொண்டு பேசிவிடுவார். அந்த மிச்சத்தை இதுவரை யாரிடமும் நான் சொன்னதில்லை, மனைவியிடம்கூட.

“கேட்டியா, நடந்து போறதுக்கு ஆக்கும்” என்றேன், அண்ணன் குரலில். “வண்டி கொண்டு கேறப்பிடாது. அந்தப் பிலாவுக்க வேருல ஒரு டயரு ஏறிச்செங்கி, அண்ணன் தம்பி எல்லாம் அதோட தீந்துது.”

 கோழிக்கடையில் ஒரு கோழி மட்டும் கருத்துச் சொன்னது.

“அது அப்பா தான்” என்றான் அண்ணன் மகன். மூன்று மாதத்துக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்துச் சொன்ன முதல் சொல். “சித்தப்பா உண்டாக்கின பேச்செங்கி இதில பிலாவு வந்திருக்காது.”

எந்தப் பாதியை மறைத்து நான் ஜெயிக்க நினைத்தேனோ, அந்தப் பாதியால்தான் மற்ற பாதியை அவன் நம்பினான். அதைப் புரிந்துகொண்டு நான் ஆறுதல் அடைவதற்குள் அவன் அக்காவின் பக்கம் சாய்ந்தான்.

“அக்கா, அந்தச் சத்தத்த மட்டும் எடுக்கப் பற்றுமா? வேற ஒண்ணும் வேண்டாம். அம்மைக்குக் கேக்கணும்னு உண்டு. எங்ககிட்ட அப்பாவுக்க சத்தம் வேற எங்கயும் இல்ல.”

“பற்றாது மக்கா. ரெண்டு நாளு பாத்தாச்சு. பேக்கப் போட்டிருந்தா உண்டு.”

“போட்டுத் தாறேன்னு அன்னைக்கே சொன்னேன். சித்தப்பா சம்மதிக்கல்ல.”

சம்மதிக்கவில்லைதான். ‘எனக்க விஷயம் ஒண்ணும் அமெரிக்கா வரை போகண்டாம்’ என்று நான் சொல்லி, அன்றைக்கு எல்லோரும் சிரித்தோம். அண்ணன்தான் அதிகம் சிரித்தார்.

அக்கா இரண்டு பொத்தான்களைச் சேர்த்துப் பிடித்தார். கறுப்புத் திரையில் பொடி எழுத்தில் வரிகள் வந்தன. ஒரு வரியில் கொண்டுபோய் நிறுத்தி, போனை என் கையில் வைத்தார். “இதை அமுக்கணும். நீங்க தான்.”

கட்டைவிரலை வைத்தேன். ஞாயிற்றுக்கிழமைக்குப் பழக்கிய அதே கட்டைவிரல். ஏதாவது ஒரு நகைச்சுவை சொல்லிவிட்டு அமுக்கலாம் என்று தேடினேன். கூட்டத்துக்கு முன்னால் நின்று எனக்கு ஒன்றும் வராமல்போனது அன்று ஒருநாள்தான். அமுக்கினேன்.

அக்கா ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார். அண்ணன் மகனும் திரும்பிக்கொண்டான். நான் மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு சின்ன வட்டம் சுற்றியது. அவ்வளவுதான். வீடு இடிவதற்கு ஒரு சத்தமாவது வேண்டாமா?

போன் திறந்து, முன்பின் அறியாத ஆளிடம் சொல்வது போல எனக்கு வணக்கம் சொன்னது. பிறகு பழைய மெயிலைக் கேட்டது. அண்ணன் மகன் வாங்கி அடித்தான். முதல் தடவையிலேயே திறந்தது.

“நீ மாத்தல்லியா?” என்றேன். மூன்று மாதச் சண்டையில் நானாக இருந்திருந்தால் முதல் நாளே மாற்றியிருப்பேன்.

“மாத்தினா உங்களுக்கு உள்ள கேறப் பற்றாதே” என்றான் அவன்.

ஞாயிற்றுக்கிழமை மெம்பர் வீட்டில் கேட்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை. மதில் எழும்பியது, எங்களுக்கு இடைவெளி விட்டு. நான் அண்ணனிடம் போய், “உனக்க சத்தத்த நானே அழிச்சிட்டேன் அண்ணா” என்றேன். தலையாட்டினார். மன்னிப்பியா என்றேன். ஆட்டினார். மன்னிக்க மாட்டியா என்று கேட்டுப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

சில வருடங்கள் கழித்து அக்கா கடையைக் காலி செய்து, தங்கை வீட்டோடு இருக்கப் புறப்பட்டார். மேசை இழுப்பறைகளை ஒழிக்க நானும் கூட நின்றேன். அவருடைய சொந்தப் போன் பழைய பொத்தான் போன் என்பதை அன்றுதான் கவனித்தேன். குறும்பு என்னை எப்போது விட்டது? அந்த மஞ்சள் துவர்த்தை எடுத்து விரித்து, போனை அதன்மேல் வைத்தேன்.

“இதுக்குள்ள என்னதெல்லாம் உண்டு அக்கா?”

சிரித்தார். “ஆளுகளுக்க நம்பரு.”

“பின்னே?”

“கரண்டாபீசுக்க நம்பரு. கோழிக்கடைக்க நம்பரு.”

“பின்னே?”

அக்கா துவர்த்தின் ஓரத்தை நீவி நேராக்கினார். “ஒரு ஆளுக்க நம்பரு. இப்ப விளிச்சா எடுக்காது.”

மூன்றாவது ‘பின்னே’ என் நாக்கு நுனிவரை வந்தது. அதைக் கேட்டுவிட்டுக் காத்திருப்பதற்கு அக்காவுக்கு இருந்த நெஞ்சு எனக்கு இல்லை. துவர்த்தை மடித்துப் பெட்டியில் வைத்தேன்.

காரை வாங்கிவிட்டேன். அது ரோட்டோரம் நிற்கிறது. அண்ணன் மகன் விட்ட இடைவெளி கார் நுழையப் போதும். அளந்துதான் விட்டிருக்கிறான். ஏன் என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. அரிசிச் சாக்கு, காய்கறிப் பை எல்லாம் என் தோளில்தான் உள்ளே போகும்.

போன வாரம் கேஸ் சிலிண்டர் கொண்டுவந்த ஆள் மதிலைப் பார்த்தான், காரைப் பார்த்தான், என் தோளைப் பார்த்தான்.

“காரு கேறுமே அண்ணே. எதுக்கு சுமக்குதிய?”

“எங்க அண்ணன் சம்மதிக்கல்ல.”

“எழுத்து உண்டா?”

“இல்ல.”

“ரெக்கார்டு?”

“அழிஞ்சு போச்சு.”

“பின்னே?”

மளிகைக்கடைக்காரர் கேட்பது போலத்தான் கேட்டான். ஆனாலும் மீதி இரண்டையும் அவன் கேட்பதற்குள் சிலிண்டரைத் தோளில் ஏற்றிக்கொண்டு, பிலாவின் வேரை மிதிக்காமல் தாண்டி, வீட்டுக்குள் போய்விட்டேன்.